பதினேழடிப் படகும் ஐந்தாவது துளையும்

பழைய படகு வாங்கப் போகிறவர் பையில் ஒரு சிறிய சுத்தியல் இருக்க வேண்டும். எங்கள் பையில் இருந்தது அவித்த மரச்சீனியும் ஒரு பாட்டில் தண்ணீரும்.

கேரளத்துப் பூவாரில், நெய்யாறு கடலில் விழும் பொழியிலிருந்து சற்று உள்ளே, ஒரு தோப்பில் அந்தப் படகு கிடந்தது. பதினேழு அடி நீளம், ஃபைபர் உடம்பு, பின்னால் மாட்டும் 15 குதிரைத்திறன் ஜப்பான் இஞ்சின். ஒரு காலத்தில் சுற்றுலா வந்தவர்களைக் கண்டல் காடுகளுக்குள் ஏற்றிப் போன படகு. மூன்று மழைக்காலத் தண்ணீர் உள்ளே தேங்கி, தென்னம்பூவும் தலைப்பிரட்டையுமாக ஒரு குளமாகவே ஆகியிருந்தது. வெளிப்பக்கம் மட்டும் பளபளவென்று நீலப் பெயிண்ட். விற்பதற்கு முந்தைய வாரம் அடித்தது என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் அந்த நீலம் எனக்குப் பிடித்திருந்தது.

நண்பன் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக் கொல்லங்கோட்டில் இருசக்கர வாகன மெக்கானிக். அவன் படகைப் பார்க்கவே இல்லை. நேராக இஞ்சினின் மூடியைக் கழற்றி பிளைவீலைக் கையால் சுற்றினான். அது சுற்றியது. இறுகிப் போகாத டூ-ஸ்ட்ரோக் இஞ்சின் ஒன்றை உலகில் இன்னும் யாரோ மிச்சம் வைத்திருக்கிறார்கள் என்ற ஆனந்தம் அவன் முகத்தில் தெரிந்தது. "மக்கா, உயிர் இருக்கிறது. மீதியெல்லாம் பெயிண்ட் வேலைதானே" என்றான். விற்பவர் எதிரில் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. 45,000 ரூபாய் கேட்டவர் அதற்குப் பிறகு 38,000-க்குக் கீழே இறங்கவில்லை.

எங்கள் தாத்தாக்கள் காலமாக இருந்திருந்தால் படகை நீரிலேயே ஊருக்குக் கொண்டுவந்திருக்கலாம். அனந்தபத்மநாபன், விக்டோரியா, மார்த்தாண்டவர்மா என்று மூன்று பெயர்களைச் சுமக்கும் ஏ.வி.எம். கால்வாய் பூவாரிலிருந்து எங்கள் கடலோரத்தை ஒட்டித்தான் வருகிறது. திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்கவென்று திருவிதாங்கூர் அரசு 1860-இல் தொடங்கிய கால்வாய் அது. கன்னியாகுமரி வரை அது போய்ச் சேரவே இல்லை. வெட்டிய தூரத்திலும் இன்று பல இடங்களில் ஆகாயத்தாமரைதான் கண்ணில் படுகிறது. சில இடங்களில் அதுவும் இல்லை, வீடுகள் இருக்கின்றன. ஆகவே 3,500 ரூபாய்க்கு ஒரு டெம்போ பிடித்தோம்.

ஏற்றும்போதே படகு எங்களை எச்சரித்தது. ஆறு பேர் போதும் என்று விற்றவரே சொன்னார். ஆறு பேர் முக்கியும் அசையவில்லை. கடைசியில் டெம்போ ஓட்டுநரையும் சேர்த்துப் பத்துப் பேர் தூக்கினோம். தண்ணீரை முழுவதும் இறைத்துவிட்ட பிறகும் இத்தனை கனம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பொழியூர் வழியாக எல்லையைத் தாண்டி, நண்பன் வீட்டு விளையில், அதாவது தோட்டத்தில், நான்கு சிமெண்டுக் கட்டைகளின் மேல் படகை இறக்கி வைத்தோம். அது மார்ச் மாதம்.

மூன்றாம் நாள் தேங்காப்பட்டணத்துப் பக்கம் ஃபைபர் வள்ளங்கள் பழுது பார்க்கும் ஒரு மேஸ்திரி வந்தார். நண்பனுக்குத் தூரத்து உறவு; நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். படகைச் சுற்றிவந்து எதுவும் பேசவில்லை. சுத்தியலின் மரப்பிடியால் அணியத்திலிருந்து பின்பக்கம் வரை தட்டிக்கொண்டே போனார். டிக், டிக், டிக் என்று காய்ந்த சத்தம். இஞ்சின் மாட்டும் பின்பலகைக்கு வந்ததும் தொப், தொப் என்றது. பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்கத் தெரிந்த எங்களுக்குப் படகைத் தட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

"மக்களே, இதற்குள்ளே பலகை இல்லை, புட்டுதான் இருக்கிறது" என்றார்.

பின்பலகை வெறும் ஃபைபர் அல்ல. இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே பிளைவுட் இருக்கும். இஞ்சினின் கனத்தையும் அது தள்ளும் விசையையும் தாங்குவது அந்த மரம்தான். மாமா கீழே ஒரு 6 மில்லிமீட்டர் துளை போட்டார். காப்பித் தண்ணீர் நிறத்தில் ஒழுகத் தொடங்கியது. தேங்காய் நார் எடுக்க ஊறவைத்த கதம்பல் அழுகும் நாற்றம் இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். அதே நாற்றம். ஒரு வாளி பாதி நிறைந்தது.

உட்புறத் தோலை கிரைண்டரால் அறுத்து எடுத்தோம். பிளைவுட் கையோடு வந்தது. கரண்டியால் வழித்தே முக்கால்வாசியை எடுத்துவிட்டோம். நண்பன் இஞ்சின் மாட்டிய நான்கு போல்ட் துளைகளைத்தான் சந்தேகப்பட்டான். ஆனால் அவற்றைச் சுற்றியிருந்த மரம்தான் கொஞ்சமாவது கெட்டியாக இருந்தது. அழுகல் தொடங்கிய இடம் வேறு. வலது ஓரத்தில், நீர்மட்டத்துக்கு நாலு விரல் மேலே, ஐந்தாவதாக ஒரு துளை. எப்போதோ ஏணி மாட்ட ஒரு கொக்கி வைத்திருக்கிறார்கள். பிறகு கொக்கியைக் கழற்றி, துளையில் புட்டிப் பசையை அப்பி, மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். புட்டி சுருங்கி மயிரிழை இடைவெளி விட்டிருந்தது. தண்ணீருக்கு அது போதும். ஒரு சுண்டுவிரல் நுழையாத துளை ஒரு பலகை முழுவதையும் தின்றுவிட்டது.

கனத்தின் ரகசியம் தரைக்கடியில் இருந்தது. படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் இருக்க அங்கே நுரையை நிரப்பியிருந்தார்கள். அந்த நுரை வருடக்கணக்கில் தண்ணீரைக் குடித்து ஊறியிருந்தது. மிதக்க வைக்க வேண்டியதே படகைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. பதினான்கு சாக்கு எடுத்தோம்.

பிறகு காயவைப்பது. இதில் பொறுமை இழந்தவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள் என்று மாமா சொன்னார். பகலில் வெயில், இரவில் பனி படாமல் தார்ப்பாய். காய்ந்ததா என்று பார்க்க அவர் சொன்ன வழி எளிது: ஒரு சாண் பிளாஸ்டிக் தாளை ஃபைபர் மேல் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி வெயிலில் விடுவது. தாளின் உள்பக்கம் வியர்த்தால் ஃபைபருக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது. எங்களுக்குப் பதினெட்டு நாள் வியர்த்தது.

பழைய பலகையின் வடிவத்தை ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில் வரைந்து வெட்டினோம். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட், 12 மில்லிமீட்டர் கனத்தில் மூன்று அடுக்கு. ரெசின் என்ற பிசினில் நறுக்கிய ஃபைபர் துகள்களைக் கலந்து பசையாக்கி ஒட்டினோம். தச்சரிடம் இரவல் வாங்கிய ஆறு கிளாம்புகள் போதாமல், தென்னந்தடிகளை முட்டுக்கொடுத்து, ஆப்பு அடித்து இறுக்கினோம். பார்க்கப் பழைய ஓலைப்பந்தல் போல இருந்தது, ஆனால் அசையவில்லை.

இனி ஃபைபர் வேலை. இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நாங்கள் அதிகமாகக் கெடுத்தோம்.

பழைய ஃபைபரும் புதியதும் சேரும் இடத்தை நேராக வெட்டி ஒட்டினால் ஒரு நாள் பிரிந்துவிடும். பழைய விளிம்பைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். கனத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்கு. நாலு மில்லிமீட்டர் தோல் என்றால் ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் சரிவு. தேய்க்கும்போது பறக்கும் தூசி கண்ணாடித் தூசி. முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் டேப் எல்லாம் போட்டும் கழுத்து வழியாக இறங்கியது. முதல் நாள் வெந்நீரில் குளித்தேன். இரவு முழுவதும் அரித்தது. முதலில் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்க வேண்டும் என்று மாமா மறுநாள் சொன்னார். அம்மா என் சட்டைகளுக்குத் தனி வாளி ஒதுக்கினார். அந்த வாளி இன்றும் வீட்டுக்குள் வர அனுமதி பெறவில்லை.

ரெசின் தானாக இறுகாது. அதில் முதலில் கோபால்ட்டைக் கலந்து வைக்க வேண்டும். வேலை தொடங்கும்போது கேட்டலிஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். இந்த இரண்டும் ரெசின் இல்லாமல் நேருக்கு நேர் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். மாமா ஒரு பாட்டிலைக் கிணற்றடியிலும் மற்றதை வேலிப்பக்கமும் வைத்தார். இரண்டையும் ஒரே ஆள் தொடக் கூடாது என்பது அவர் சட்டம். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம் என்பதால் கண்ணாடி போடாதவன் அந்தப் பாட்டிலின் பக்கமே போகக் கூடாது.

அவர் இல்லாத ஒரு நாள், ஏப்ரல் வெயிலில், பகல் பதினொரு மணிக்கு, நாங்களே ஒரு பிளாஸ்டிக் மக்கில் ஒரு கிலோ ரெசினைக் கலந்தோம். டப்பாவில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் கேட்டலிஸ்ட் என்று போட்டிருந்தது. இரண்டு போட்டால் சீக்கிரம் முடியும் என்று நண்பன் கணக்குப் போட்டான். சீக்கிரம்தான் முடிந்தது. கண்ணாடி இழை விரிப்பான மேட் ஒன்றை முதலில் விரித்து ரோலர் ஓட்டத் தொடங்கும்போதே மக்கில் இருந்தது வெண்ணெய் போலக் கெட்டியானது. பிறகு மக்கு சுட்டது. பிறகு புகைந்தது. நண்பன் அதைத் தூக்கி மணலில் எறிந்தான். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் விரிசல் விட்ட மஞ்சள் பாறை, உள்ளே பிளாஸ்டிக் மக்கு உருகி ஒட்டியிருந்தது. இப்போது அது நண்பன் கடையில் காகிதம் பறக்காமல் வைக்கும் கல்.

அதற்குப் பிறகு காலை ஐந்தரைக்குத்தான் வேலை. ஒரு தடவைக்கு 300 கிராம் மட்டும். கேட்டலிஸ்ட் ஒரு சதவீதம், ஊசி போடும் சிரிஞ்சில் அளந்து 3 மில்லி. ஆழமான மக்கில் வைத்தால் சூடு வெளியேற வழியில்லாமல் சீக்கிரம் இறுகுகிறது. அகலமான தட்டில் ஊற்றினால் அதே ரெசின் பத்து நிமிடம் கூடத் தருகிறது. ஒரு அடுக்கு சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட், மேலே சாக்கு போலப் பின்னிய ரோவிங், மீண்டும் மேட் என்று பின்பலகையின் உள்பக்கம் ஐந்து அடுக்கு ஏற்றினோம். ரோலரை அழுத்தி ஒவ்வொரு காற்றுக் குமிழியையும் ஓரத்துக்கு விரட்ட வேண்டும். வெள்ளையாகத் தெரியும் இடம் ரெசின் குடிக்காத இடம். கடைசிப் பூச்சில் மெழுகு கலந்த ரெசின். இல்லாவிட்டால் காற்றுப் படும் பரப்பு நாள்கணக்கில் பிசுபிசுக்கும்.

தரைக்கடியில் நிரப்ப நண்பன் தெர்மகோல் வாங்கிவந்தான். மலிவு, கனமில்லை, தண்ணீர் குடிக்காது, எல்லாம் சரி. மேலே ரெசின் பூசிய இரண்டாவது நிமிடம் அது கற்பூரம் போலக் குழிந்து காணாமல் போனது. ரெசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மகோலைக் கரைத்துவிடும். கடைசியில் மூடி இறுக்கிய ஐந்து லிட்டர் காலி கேன்கள் நாற்பதை வரிசையாக அடுக்கிக் கட்டினோம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்து கிலோவைத் தாங்கும்; மொத்தம் இருநூறு கிலோ. ஒன்று ஓட்டையானாலும் மற்றவை இருக்கும். தரையில் இரண்டு இடத்தில் திறந்து பார்க்கும் மூடிகளும் வைத்தோம். கண்ணால் பார்க்க முடியாத இடம் இனி இந்தப் படகில் இருக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

இஞ்சின் நண்பனின் ராஜ்யம். எனக்கு விளக்குப் பிடிக்கும் வேலை. கார்புரேட்டரின் கிண்ணத்தில் பெட்ரோல் காய்ந்து மஞ்சள் வார்னிஷாகப் படிந்திருந்தது. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் ஈரத்தை இழுக்கும். ஓட்டாமல் நிறுத்தும்போது கார்புரேட்டரை வடித்துவிட வேண்டும். ஜெட்டுகள், பெட்ரோல் பம்பின் சவ்வு, ரப்பர் குழாய் எல்லாம் சுத்தம் செய்தோம் அல்லது மாற்றினோம். இதெல்லாம் அவனுக்குப் பழைய டூ-ஸ்ட்ரோக் பைக்கில் கைவந்த வேலை.

பைக்கில் இல்லாதது தண்ணீர் பம்ப். அடியில் ரப்பர் இதழ்கள் கொண்ட ஒரு சிறிய சக்கரம் ஆற்றுத் தண்ணீரை இழுத்து மேலே அனுப்பி இஞ்சினைக் குளிர்விக்கிறது. எங்கள் சக்கரத்தின் ஆறு இதழ்களில் மூன்று இல்லை. புதியதை மாட்டிவிட்டுப் போயிருப்போம். மாமாதான் கேட்டார்: "உடைந்த மூன்றும் எங்கே?" அவை தண்ணீர் போகும் பாதையில் எங்காவது அடைத்துக்கொண்டால் புதுச் சக்கரம் சுற்றியும் பயனில்லை. இரண்டு துண்டு பம்ப் குழாயிலேயே கிடைத்தது. மூன்றாவதை இரண்டு மாலை தேடி, தெர்மோஸ்டாட் அறையில் கண்டுபிடித்தோம்.

கியர்பெட்டியைத் திறந்தால் பால் தேநீர் வடிந்தது. ஆயிலோடு தண்ணீர் கலந்திருந்தது. புரொப்பெல்லரைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது: தண்டில் தங்கூஸ் என்ற மீன்பிடி நைலான் நரம்பு சுற்றிச் சுற்றி, சூட்டில் இறுகி, ஆயில் சீலை அறுத்திருந்தது. கடலோரத்தில் படகு ஓட்டுகிறவர்கள் புரொப்பெல்லரை அடிக்கடி கழற்றிப் பார்க்க இது ஒன்றே போதுமான காரணம். அந்த ஆயில் சீலை மாற்றினோம். புது ஆயிலை நண்பன் பைக் பழக்கத்தில் மேல் துளை வழியாக ஊற்றினான். காற்று உள்ளே சிக்கிப் பாதிகூட இறங்கவில்லை. கீழ்த் துளையிலிருந்து அழுத்தி ஏற்ற வேண்டும். மேல் துளையில் வழிந்தால் நிறைந்தது என்று பொருள்.

தன்னை அரிக்கக் கொடுத்து மற்ற பாகங்களைக் காக்கும் ஆனோடு என்ற உலோகத் துண்டு ஒன்று அடியில் இருக்கிறது. அதற்கும் முந்தைய உரிமையாளர் அழகாக நீலப் பெயிண்ட் அடித்திருந்தார். பெயிண்ட் அடித்த ஆனோடு வேலை செய்யாது. அதனால் அது புதிது போல அப்படியே இருந்தது. சுற்றியிருந்த அலுமினியம்தான் அரித்திருந்தது. அந்த நீலத்தின் மேல் எனக்கிருந்த கடைசி மரியாதையும் அன்றோடு போயிற்று.

தண்ணீர் இல்லாமல் இஞ்சினை ஓட்டக் கூடாது. ரப்பர் சக்கரம் நொடிகளில் கருகிவிடும். 200 லிட்டர் பீப்பாயின் தலையை அறுத்துத் தண்ணீர் நிரப்பி, புரொப்பெல்லர் இல்லாமல் இறக்கினோம். வழக்கமான கலவை ஐம்பதுக்கு ஒன்று, அதாவது லிட்டருக்கு 20 மில்லி ஆயில். நெடுநாள் தூங்கிய இஞ்சின் என்பதால் முதல் ஐந்து லிட்டருக்கு மட்டும் இரட்டிப்பு. பதினோராவது இழுப்பில் பிடித்தது. புகையில் விளையே மறைந்தது. அடுத்த வீட்டுக் கோழிகள் கூரை ஏறின. பக்கவாட்டுத் துளையில் தண்ணீர் பீச்சியடித்தபோதுதான் நண்பன் மூச்சு விட்டான்.

மே கடைசியில் மழை வந்தது. ஈரக் காற்றில் ரெசின் வேலை செய்வதில்லை என்று தார்ப்பாயைக் கட்டிவிட்டு இரண்டு மாதம் சும்மா இருந்தோம். எங்கள் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் மாமாவிடம் பழுதுக்கு வரும் படகுகளுக்குக் குறைவில்லை, அவரையும் பார்க்கவில்லை. இந்த இடைவெளியில் பெயர் மாற்றும் காகித வேலை நடந்தது. அதைப் பற்றி எழுதினால் இந்தப் பதிவு இரு மடங்காகும்.

இஞ்சினை மாட்டுவதற்கு முன் துளை போடும் முறையை மட்டும் சொல்லிவிடுகிறேன். 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு முதலில் 16-இல் துளை போட்டோம். அதைக் கெட்டி ரெசினால் முழுவதும் அடைத்து, இறுகிய பிறகு நடுவில் 10-இல் மீண்டும் துளைத்தோம். இனி போல்ட்டைச் சுற்றி மூன்று மில்லிமீட்டர் ரெசின் சுவர்; கசிந்தாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. போல்ட்டுகள் 316 ஸ்டெயின்லெஸ். சுற்றிலும் பாலியூரித்தேன் சீலன்ட்.

ஆகஸ்டில் குழித்துறையாறு கடலைச் சேரும் இடத்துக்குச் சற்று மேலே இறக்கினோம். நேராகப் போகும்போது எல்லாம் சரி. வளைத்ததும் இஞ்சின் அலறியது, படகு நின்றது. புரொப்பெல்லர் தண்ணீருக்குப் பதில் காற்றைக் கடித்தது. பலமாக இருக்கட்டும் என்று பின்பலகையை நாங்களே உயர்த்திக் கட்டியிருந்தோம். எங்கள் இஞ்சின் குட்டைத் தண்டு. 38 சென்டிமீட்டர் உயரப் பலகைக்கானது. அளந்தால் 42 இருந்தது. திரும்பக் கொண்டுவந்து நான்கு சென்டிமீட்டர் அறுத்து, வெட்டுப்பட்ட பிளைவுட் விளிம்பை அன்று இரவே டார்ச் வெளிச்சத்தில் ரெசின் பூசி மூடினோம். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று நண்பன் சொன்னான். ஐந்தாவது துளையை விட்டவரும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

முன்பு இதில் பத்து பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்ததற்கான அடையாளம் தரையில் இருந்தது. நாங்கள் நான்கு பேர் என்று முடிவு செய்து, நான்கு உயிர்காப்பு அங்கிகள் வாங்கினோம். 2023 மே 7-ஆம் தேதி மலப்புறம் மாவட்டம் தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் எங்கள் கரைக்குச் செய்ததையும் இங்கே யாரும் மறக்கவில்லை. ஐந்தாவதாக ஏற நினைத்த மைத்துனனுக்கு அதனால்தான் கரையிலேயே கையசைத்தோம். அவர் இன்னும் பேசவில்லை.

கணக்கு: படகு 38,000, டெம்போ 3,500, ரெசின், மேட், பிளைவுட் 14,200, இஞ்சின் பாகங்கள் 9,600, அங்கிகள் 6,000, மாமாவின் கூலி 3,000. மொத்தம் 74,300 ரூபாய். மணலில் எறிந்த ரெசினும் கரைந்த தெர்மகோலும் இதில் அடக்கம்.

இரண்டாவது ஓட்டம் முடிந்து தரை மூடியைத் திறந்தால் உள்ளே இரண்டு கை தண்ணீர். நண்பன் விரலில் தொட்டு நாக்கில் வைத்தான். "உப்பில்லை, மழைத் தண்ணீர்தான்" என்றான். ஆகஸ்டில் ஆறே நன்னீராக ஓடுகிறது, நாக்கு எதைச் சொல்லும்? உள்ளே துடைத்துக் காயவைத்து, இணைப்புகளின் ஓரமெல்லாம் சாக்பீஸ் பொடியைத் தூவிவிட்டு மீண்டும் இறக்கினோம். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது பொடி ஒரே இடத்தில்தான் நனைந்திருந்தது: தண்ணீர் வடிக்கும் அடைப்பானின் அடியில். வாஷர் போடாமல் முடுக்கியிருந்தோம். மறுநாள் காலை இருபது ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கினேன். கையில் இருக்கட்டும் என்று இன்னொன்றும்.